லோரிக்குப் பின்னால் மூன்று வருஷம்

நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்னும் பின்னுமாக ஒரு மூன்று வருஷம் எங்கள் கார் லோரிகளுக்குப் பின்னாலேயே ஓடியது. நான் அதில் போனவரை, மலாயாவின் சாலைகளை லோரிகளின் பின்பக்கமாகவே பார்த்தேன். மற்றவர்கள் ஜன்னல் வழியே வயலையும் ரப்பர்த் தோட்டத்தையும் ஆற்றுப் பாலத்தையும் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு வாய்த்தது கித்தான் துணியும் கயிற்று முடிச்சும் சேறு அப்பிய எண் பலகையும் கரும்புகையும்தான். காரணம் என் கணவர். பெரிய லோரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் பெட்ரோல் மிச்சமாகும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார்.

கண்டுபிடிப்பு என்பது அவருடைய சொல். ஜப்பான்காரன் காலத்தில் அவர் மூவாருக்கும் மலாக்காவுக்கும் சைக்கிளில் அலைந்தவர். அப்போது ராணுவ லோரி ஒன்றுக்குப் பின்னால் மிதித்தபோது எதிர்க்காற்று சட்டென்று நின்றுபோனதாம், சைக்கிள் தானாக ஓடியதாம். அது நடந்திருக்கலாம். சைக்கிளில் நடந்தது காரிலும் நடக்கும் என்று பத்து வருஷம் மனசுக்குள் வைத்திருந்து, கார் வந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் அப்போது மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் பண்டார் ஹிலிர் பக்கம் ஒரு அரசாங்க அலுவலகத்தில் கிராணி, குமாஸ்தா உத்தியோகம். சுதந்திரம் வரப்போகிறது என்று தெரிந்ததும் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கிளம்பிய ஒரு தோட்டத் துரையிடமிருந்துதான் அந்தச் சாம்பல் நிறச் சின்னக் காரை வாங்கினார். இடப்பக்கக் கதவு உள்ளே இருந்து திறக்காது. நான் இறங்க வேண்டுமென்றால் அவர் சுற்றி வந்து திறந்துவிட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. நானும் விட்டுவிட்டேன்.

"காத்துதான் பெட்ரோலக் குடிக்குது," என்று அவர் முதல் நாளே விளக்கினார். "லோரி முன்னால போயி காத்தக் கிழிக்குது. நாம அந்தக் கிழிசலுக்குள்ள பூந்துடணும். அவ்வளவுதான்."

"அவ்வளவு சிக்கனம்னா காடியே வாங்காம இருந்திருக்கலாமே."

"ஒனக்கு சயன்ஸ் புரியாது."

புரியாததால் நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் மூங்கில் பிளாச்சு ஒன்றைச் சீவி வைத்திருந்தார். கிளம்பும் முன் அதைப் பெட்ரோல் தொட்டிக்குள் விட்டு எடுத்து, ஈரம் எதுவரை இருக்கிறது என்று பார்ப்பார். வீடு திரும்பியதும் மறுபடி விட்டு எடுப்பார். ஈரம் அவர் நினைத்த இடத்தில் இருந்தால் அன்று இரவு நன்றாகச் சாப்பிடுவார். இல்லாவிட்டால், லோரி சரியில்லை.

லோரிகளில் நல்லது கெட்டது என்று தரம் பிரித்திருந்தார். மரம் ஏற்றிய லோரி ஆகாது, கட்டைகளின் இடுக்கு வழியாகக் காற்று வந்துவிடும். மணல் லோரி ஆகாது, கண்ணாடி கீறும். நான்கு பக்கமும் கித்தான் போட்டு மூடி, பெட்டி மாதிரி உயரமாக, நிதானமாகப் போகிற லோரிதான் உத்தமம். அப்படி ஒன்று கிடைக்கும்வரை சாலையோரம் இன்ஜினை அணைத்துவிட்டு மரத்தடியில் காத்திருப்போம். கார் வைத்திருக்கிறவர்கள் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஒரு தடவை ஜாசினில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அன்று கிடைத்த உத்தமம் கட்டிப்பால் ஏற்றிய லோரி. ரப்பர்ப் பால் உறைந்து கிடந்து எழுப்பும் நாற்றம் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம். கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் நாற்றமும் புகையும். கல்யாண வீட்டில் இறங்கியபோது என் சந்தன நிறப் பட்டுச் சேலையில் கரித்தூள் அப்பியிருந்தது. பெண்வீட்டு அம்மாள் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "எங்கம்மா, நேரா அடுப்படில இருந்தே கெளம்பி வந்துட்டீங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். என் கணவர் ஆண்கள் பக்கத்தில் காற்றின் கிழிசலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சீடர்களும் சேர்ந்தார்கள். அலுவலகத்தில் கூட வேலை செய்த இரண்டு கிராணிகள். ஒருவரிடம் பழைய கார் இருந்தது, இன்னொருவரிடம் மோட்டார் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் கலந்து கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு, எத்தனை அடி இடைவெளி விட வேண்டும் என்று விவாதிப்பார்கள். பன்னிரண்டு அடி என்பார் ஒருவர், ஏழு போதும் என்பார் மற்றவர். மோட்டார் சைக்கிள்காரர் ஒருமுறை வாயைத் திறந்து பேசிக்கொண்டே மாட்டு லோரிக்குப் பின்னால் போயிருக்கிறார். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் காப்பிக்கு வரவில்லை.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செட்டிக் குடும்பம். சாமி எல்லாம் நம் சாமிதான், பொங்கலும் உண்டு; ஆனால் வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய மலாய். அந்த வீட்டுப் பெண் கெபாயாச் சட்டை உடுத்தி, கொண்டையில் ஊசி செருகி, காலையில் துணி உலர்த்த வருவாள். என்னைப் பார்த்தால் போதும், "அக்கா, ஹாரி இனி ஈக்குட் லோரி அப்பா?" என்பாள். இன்றைக்கு எந்த லோரி என்று விசாரிக்கிறாள். மீன் லோரி என்பேன், பன்றி லோரி என்பேன், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். என் வீட்டு விஷயம் தெருவுக்கே சிரிப்பாக இருந்தது. தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

இப்படி ஒரு வருஷம் போயிருக்கும். சுதந்திரம் எப்போது என்று பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம் கூட்டி அறிவித்த வருஷம் அது. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன நாற்காலிகளுக்கு உள்ளூர் ஆட்கள் ஒவ்வொரு படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். என் கணவரின் இலாகாவிலும் பெரிய கிராணி வேலை ஒன்று காலியானது. சிரம்பானில் இருந்த பெரிய அலுவலகத்துக்குக் காலை பதினோரு மணிக்கு நேர்முகத்துக்கு வரும்படி அவருக்குக் கடிதம் வந்தது.

அவருக்கு அது பெரிய விஷயம்தான். சீனியர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது ஜப்பான் சண்டை வந்து பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். இன்ஜினியராக ஆசைப்பட்டவர், கிராணியாக நின்றுவிட்டார். அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தார். வெள்ளைச் சட்டையைச் சலவைக்குப் போட்டார், கழுத்துப்பட்டை ஒன்றை இரவல் வாங்கி வந்தார்.

"பஸ்ல போயிடுங்க," என்றேன். "காலைல மொத பஸ் ஏறுனா பத்து மணிக்கெல்லாம் அங்க இருக்கலாம்."

"பெரிய கிராணி வேலைக்குப் போறவன் பஸ்லயா போயி எறங்குவான்? சொந்தக் காடில எறங்கணும். அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு."

"அப்ப லோரி கீரின்னு பாக்காம நேராப் போங்க."

"நேரத்துலயே கெளம்பிடுவோம். நீயும் வா. சிரம்பான்ல எங்க சித்தி வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம். வழியில கடைல சாப்பிட வேணாம், சோறு கட்டிக்க."

நான் புளிச்சோறு கிளறி, முட்டை அவித்து, உருளைக்கிழங்கு வறுத்து, மூன்றடுக்குத் தூக்கில் கட்டினேன். சித்தி வீட்டுக்கும் சேர்த்து என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். விடிந்ததும் கிளம்பினோம். இந்த ஒரு நாளாவது நேராகப் போவார் என்று நான் உண்மையிலேயே நம்பினேன். செங் என்ற ஊரைத் தாண்டியதும் சாலையோரத்தில் ஒரு பெரிய மரத்தடியில் கார் நின்றது.

"என்னங்க?"

"நேரம் கெடக்கு. நல்லதா ஒண்ணு வரட்டும்."

ஐந்து லோரிகளை வேண்டாம் என்று அனுப்பினார். மலாக்காவிலிருந்து சிரம்பான் போகும் முதல் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. நான் அதைக் கைகாட்டி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். கடைசியில் அவர் மனசுக்குப் பிடித்த லோரி வந்தது. உயரமான லோரி, பச்சைக் கித்தான், ஒரு மடிப்பு இல்லாமல் இறுக்கிக் கட்டியிருந்தது. "பாத்தியா!" என்று பொண்ணு பார்க்கப் போனவர் மாதிரி சந்தோஷப்பட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

அது அரிசி லோரி. அது அரிசி லோரி என்பதற்கு அந்தக் காலத்தில் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டும். கம்யூனிஸ்டுகளை அடக்க அறிவித்த அவசரகாலம் இன்னும் முடியவில்லை. எங்கள் மலாக்காவில் கெடுபிடி பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானுக்குள் போனால் சில இடங்களில் உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாது என்பது உத்தரவு. அரிசி லோரிகள் மூடிக் கட்டி, வழியில் எங்கும் நிற்காமல் போக வேண்டும். அந்தப் பகுதிகளுக்குள் பிரயாணிகள் சோறு கொண்டுபோகக் கூடாது. இதையெல்லாம் சாலையோரத்தில் நான்கு மொழியில் பலகை எழுதி வைத்திருந்தார்கள். நாங்கள் அந்தப் பலகையைப் பார்க்கவில்லை. எங்களுக்கு முன்னால் லோரி இருந்தது.

அலோர் காஜா தாண்டியதும் லோரி வேகத்தைக் குறைத்தது. என் கணவரும் குறைத்தார். ஓட்டுநர் ஜன்னல் வழியே கையை நீட்டி முன்னால் போகும்படி ஆட்டினார்.

"கை காட்டுறான் பாரு. நல்ல மனுஷன்," என்றார் இவர்.

"முந்திப் போகச் சொல்றாருங்க."

"முந்திப் போனா காத்து."

லோரி இன்னும் குறைத்து ஊர்ந்தது. நாங்களும் ஊர்ந்தோம். திடீரென்று அது பறக்க ஆரம்பித்தது. வளைவுகளில் அந்தப் பச்சைப் பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. எங்கள் சின்னக் கார் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடியது. "என்ன வேகம் பாத்தியா! நம்ம இன்ஜினுக்கு இது முடியுமா? அவன்தான் இழுத்துட்டுப் போறான்!" என்று அவர் கத்தினார். முகத்தில் வியர்வையும் கரியும். நான் தூக்கை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். சிம்பாங் அம்பாட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் லோரி ஓயாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார். மிதித்தும், எங்கள் காரின் மூக்கு லோரியின் பின்பலகையில் போய் முட்டியது. பெரிய அடி இல்லை. என் தலை முன்னால் போய் வந்தது, அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பக்கமும் துப்பாக்கிகள்.

அது போலீஸ் சாலைத்தடை. முள்கம்பி சுற்றிய கட்டைகள், மணல் மூட்டைகள், ஒரு தகரக் கொட்டகை. லோரி ஓட்டுநர் இறங்கி ஓடிவந்து எங்கள் காரைக் காட்டிக் காட்டிப் பேசினார். ஐம்பது வயது இருக்கும், சீனர், பனியனும் அரைக்கால் சட்டையும். "செங்ஙிலிருந்து விடவில்லை, நான் மெதுவாகப் போனால் அவர்களும் மெதுவாக வருகிறார்கள், வேகமாகப் போனால் வேகமாக வருகிறார்கள், எனக்கு நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள் துவான்" என்று மலாயில் சொன்னார். அரிசிக்காக யாரோ தன்னை மடக்கப் போகிறார்கள் என்று அவர் வழியெல்லாம் பயந்திருக்கிறார். அரிசியைப் பறிகொடுத்தால் தானே கொடுத்துவிட்டதாகப் போலீஸ் சந்தேகப்படும் என்பது அதற்கு மேல் ஒரு பயம். இவர் கைகாட்டுவதாக நினைத்து மகிழ்ந்தது அந்த மனிதரின் உயிர்ப்பயத்தைப் பார்த்துத்தான்.

இறங்கச் சொன்னார்கள். என் பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதையோ ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து ஒருவன் துப்பாக்கி முனையால் கண்ணாடியைத் தட்டினான்.

மலாய் சார்ஜன்ட் ஒருவர் என் கணவரிடம் ஏன் லோரியைத் தொடர்ந்தாய் என்று கேட்டார். இவருக்குப் பதற்றத்தில் மலாய் சரியாக வரவில்லை. "சாயா அம்பில் ஆங்ஙின் சாஜா," என்றார். காற்றைத்தான் எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல நினைத்திருக்கிறார். மலாயில் அப்படிச் சொன்னால் சும்மா காற்று வாங்கப் போகிறேன், உலாவப் போகிறேன் என்று அர்த்தம்.

சார்ஜன்ட் என் மடியிலிருந்து எடுத்து வைத்த தூக்கைப் பார்த்தார். "காற்று வாங்கவா? அரிசி லோரிக்குப் பின்னாலயா? இத்தனை சோற்றோடயா?" என்று கேட்டார்.

என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு மலாய்ப் பெண் சோதனை போட்டாள். கொண்டையை அவிழ்த்து விரல் விட்டுப் பார்த்தாள். தோட்டத்துப் பெண்களைத் தினமும் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் கிராணியின் பெண்சாதி, எனக்கு இது நடக்காது என்று ஏதோ ஒரு திமிர் எனக்கும் இருந்திருக்கிறது. தூக்கைத் திறந்து புளிச்சோற்றைக் குச்சியால் கிளறினாள். யாருக்கு என்று கேட்டாள். எங்களுக்குத்தான் என்றேன். இரண்டு பேருக்கா என்று என்னைப் பார்த்தாள். பிறகு மூன்று அடுக்கையும் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வெறும் தூக்கைக் கொடுத்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். இளம் வயது, மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. மேசை போட்டு என் கணவரை எதிரில் உட்கார வைத்தார். நான் பக்கத்தில் பெஞ்சில். இவர் நேர்முகக் கடிதத்தைக் காட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தார். அதிகாரிக்குப் புரியவில்லை. ஒரு காகிதம் கேட்டு வாங்கினார். அதில் லோரியை வரைந்தார். பின்னால் காரை வரைந்தார். லோரியின் தலையில் மோதிக் காற்று இரண்டாகப் பிரிவதை அம்புக்குறி போட்டுக் காட்டினார். நடுவில் இருக்கும் இடத்தைப் பென்சிலால் நிழலடித்து, "இங்கே காற்று இல்லை சார், நான் இங்கே இருக்கிறேன்," என்றார். படம் அழகாகவே வந்திருந்தது.

அதிகாரி படத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெட்ரோலுக்காகவா?" என்று கேட்டார்.

"ஆமாம் சார்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சார்ஜன்டுக்கு மலாயில் சொன்னார், சார்ஜன்ட் சிரித்தார். கொட்டகை வாசலில் நின்றவர்களுக்குச் சேதி போய் அவர்களும் சிரித்தார்கள். சோதனை போட்ட பெண்ணும் சிரித்தாள். லோரி ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஒரு சிகரெட்டை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

நானும் சிரித்தேன். அவிழ்ந்த தலையும் வெறும் தூக்குமாக உட்கார்ந்துகொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன். பயம் விட்ட சிரிப்பு என்று பிறகு மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். ஒரு வருஷமாக நான் ஒருத்தியாகச் சொல்லி எடுபடாததை அன்று துப்பாக்கி வைத்திருந்த ஒரு கூட்டமே சொன்னது. அந்தத் திருப்தியில் சிரித்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தான் வரைந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி எச்சரித்து விட்டுவிட்டார். நேர்முகம் நடத்துபவர்களுக்குக் காட்டும்படி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்: இன்னார் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பொருட்டு அரிசி லோரியைத் தொடர்ந்ததால் தடுத்து வைக்கப்பட்டார், வேறு குற்றம் இல்லை. ரெம்பாவ் தாண்டியதும் இவர் அதைக் கிழித்து ஜன்னல் வழியே விட்டார்.

"ஏங்க கிழிச்சீங்க? லேட்டா வந்ததுக்கு அது ஒண்ணுதானே சாட்சி."

"இத நீட்டுனா காலம் பூரா சிரிப்பானுங்க."

"இப்ப மட்டும் என்ன?"

அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார்.

சிரம்பான் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி. நேர்முகம் முடிந்து அதிகாரிகள் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மலாக்காவிலிருந்து வந்தவர் என்று இரக்கப்பட்டு ஐந்து நிமிஷம் உள்ளே கூப்பிட்டார்கள். டயர் வெடித்துவிட்டது என்று இவர் சொல்லியிருக்கிறார். அதில் ஒருவர், "டயர் மாற்றியவர் கை இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, கழுத்து மட்டும் ஏன் கறுப்பாக இருக்கிறது?" என்று கேட்டாராம். போலீஸ் கொட்டகைக் குழாயில் முகமும் கையும் கழுவியவர் கழுத்தை விட்டுவிட்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன். பார்த்தேன். சொல்லவில்லை.

சித்தி வீட்டில் பழைய சோறும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். திரும்பும்போது அவர் என்ன செய்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சிரம்பான் எல்லையில் வெறும் லோரி ஒன்று மலாக்காப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு, அதன் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்.

வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அதே அலுவலகத்தில் அவருக்கு இரண்டு வருஷம் பின்னால் சேர்ந்த ஒருவருக்குக் கிடைத்தது. மரத்தடியில் எங்களைத் தாண்டிப் போனதே ஒரு பஸ், அதில் வந்தவர் அவர். சிரம்பானில் இறங்கி, சீனர் கோப்பிக் கடையில் நிதானமாக ஒரு தட்டு மீ சாப்பிட்டுவிட்டு, நேரத்துக்கு உள்ளே போயிருக்கிறார். இதை அவரே எங்கள் வீட்டுக்கு வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுச் சொன்னார். என் கணவர் போலீஸைக் குறை சொன்னார், லோரிக்காரர் பயந்தாங்கொள்ளி என்றார், இவள் சோறு கட்டாமல் இருந்திருந்தால் சீக்கிரம் விட்டிருப்பார்கள் என்றார். காற்றின் கிழிசலை மட்டும் குறை சொல்லவில்லை.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"அன்னிக்கு நீ ஏன் சிரிச்சே?"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்."

"வெள்ளைக்காரன் சிரிச்சான், துப்பாக்கி வச்சிருந்த மாத்தாக்காரனுங்க சிரிச்சானுங்க. அது பரவால்ல. அவனுங்களுக்கு நான் யாரு..."

"நாலு பிள்ளைக்காரர் ஒருத்தர் ஒங்களால நடுங்கிட்டு நின்னாரே, அதப் பத்தி ஒரு நாளாவது நெனச்சீங்களா?"

அவர் உள்ளே போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்று இப்போதும் எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அந்தச் சாயங்காலம் அப்படி எதுவும் வரவில்லை. அரிசியில் கல் நிறைய இருந்தது, அதுதான் ஞாபகம்.

அதற்குப் பிறகு நான் அந்தக் காரில் தூரப் பிரயாணம் போவதை நிறுத்திவிட்டேன். ஜாசினுக்கும் மூவாருக்கும் பஸ்ஸில் போனேன், பஸ்ஸில் வந்தேன். அவர் தனியாக லோரிகளைத் தொடர்ந்தார். நாடு சுதந்திரமடைந்து ஊரெல்லாம் கொடி கட்டிய வாரத்திலும், கொடி கட்டிய லோரி ஒன்றின் பின்னால் அவரைப் பார்த்ததாக வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெண் வந்து சொன்னாள்.

அடுத்த வருஷம், ஆயர் குரோ பக்கத்தில் சாலை போடச் சரளைக் கல் ஏற்றிப்போன லோரியிலிருந்து ஒரு கல் துள்ளி வந்து முன்கண்ணாடியை உடைத்தது. புருவத்தில் இரண்டு தையல். வேறு எதுவும் இல்லை. அந்தக் காருக்குக் கண்ணாடி எங்கும் கிடைக்கவில்லை. சீமையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஒரு மாதம் கண்ணாடி இல்லாமலேயே அலுவலகத்துக்கு ஓட்டினார். கண் சிவந்து, தலை கலைந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்து இறங்குவார். பூச்சிகளைச் சட்டையிலிருந்து நான் தட்டிவிடுவேன். செமாபோக்கில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஒரு சீனக் கடைக்காரத் தவுக்கேயிடம் கடைசியில் அதைத் தள்ளிவிட்டார். இரண்டு சீடர்களில் காப்பிக்கு வருவதை முதலில் நிறுத்தியவர் கார் வைத்திருந்தவர். மோட்டார் சைக்கிள்காரர் பஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரின் தங்கையைக் கட்டிக்கொண்டார். அவருக்கு பஸ்ஸில் இலவசமாகப் போகப் பாஸ் கிடைத்தது.

பெரிய கிராணி வேலை இவருக்கும் வந்தது. நான்கு வருஷம் கழித்து, மூவாரில், நேர்முகம் எதுவும் இல்லாமல் வயது மூப்பில் கொடுத்தார்கள். அரசாங்க வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரம். குடை பிடித்துக்கொண்டு நடந்து போவார், நடந்து வருவார். இத்தனை பெரிய உத்தியோகத்தில் இருந்துகொண்டு ஒரு கார் வாங்கவில்லையே என்று ஒரு நாள் வீட்டுக்கு வந்த புதுக் கிராணி ஒருவர் கேட்டார்.

"எனக்கு வாங்கணும்னுதான்," என்றார் என் கணவர். "வீட்ல ஒத்துக்கல. அவளுக்குக் காடில உக்காந்தாலே தல சுத்தும்."

வந்தவர் என்னைப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டினார். நான் உள்ளே போய் இரண்டு பேருக்கும் காப்பி கலந்தேன்.